நவஹோ சாப்டர் மாதிரி நம்ம மலை ஊரில் செய்ய முடியுமா? சட்டத்தில் எங்கே இடம்?

சாமைக்கொல்லை கேட்டது:

அரூர் பக்கம் மலை மேல் நாலு குக்கிராமம், சுமார் 210 குடும்பம். பெரும்பாலும் மலையாளி பழங்குடி, அடிவாரத்தில் ஒரு லம்பாடி தாண்டா (லம்பாடி மக்களின் குடியிருப்பு). விளைவது சாமை, கேழ்வரகு, கொள்ளு. காட்டிலிருந்து புளி, கடுக்காய், தேன், சீமாறு. எல்லாம் மூட்டையாக மலை இறங்கிப் போய், சாமை அரிசியாகவும் கொட்டை எடுத்த புளியாகவும் விலை ஏறிக்கொண்டு திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் நவஹோ மக்கள் ஊருக்கு ஊர் 'சாப்டர்' வைத்து நிலம், கடை, வரி எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இங்கே இளவட்டங்கள் நாமும் ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். சாமை மில்லுக்குக் கொட்டேஷன் கூட வாங்கி வைத்தாயிற்று. முன்பணம் கொடுக்கும் முன்னால் தெரிய வேண்டியது இதுதான். அந்தச் சாப்டருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது, எது இன்னும் கைக்கு வரவில்லை? நம் சட்டத்தில் அதற்கு நிகர் ஊராட்சியா, கிராம சபையா, கம்பெனியா? முதலில் கை வைக்க வேண்டியது எதில்?

எங்கள் ஊராட்சியில் இந்த நாலு ஊரும் ஒரு மூலை. கிராம சபை நடக்கிற இடத்துக்கு இறங்கிப் போய் வரவே ஒரு நாள் போய்விடும். அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பாலக்கோடு_கணக்கு பதில்:

முதலில் நவஹோ பக்கம். "எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்கிறார்கள்" என்பது பாதிதான் சரி.

நவஹோ நாடு அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்று மாநிலத்தில் பரந்து கிடக்கிறது. சுமார் 27,000 சதுர மைல். தர்மபுரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்தால் வரும் பரப்பைப் போல ஏழு மடங்கு. தலைநகர் விண்டோ ராக். அதற்குள் 110 சாப்டர். இது பழங்குடி மரபிலிருந்து அப்படியே வந்த அமைப்பு இல்லை. 1927-ல் லியூப் என்ற இடத்தில் இருந்த ஜான் ஹன்டர் என்ற அரசு அதிகாரி, ஆடுமாடு, விவசாயம் பற்றிப் பேச ஊர்க்கூட்டம் கூட்ட ஆரம்பித்தார். மக்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சாப்டருக்கும் தலைவர், துணைத் தலைவர், செயலர்-பொருளாளர் உண்டு. கூட்டத்துக்குக் கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டிய ஆட்கள்) வழக்கமாக 25 பேர். ஊருக்கு நடுவில் ஒரு சாப்டர் கட்டடம் இருக்கும்.

ரொம்ப காலம் அதன் வேலை தீர்மானம் போட்டு விண்டோ ராக்குக்கு அனுப்புவதுதான். பணமும் ஆளும் அங்கிருந்து வரவேண்டும். 1998-ல் உள்ளாட்சிச் சட்டம் கொண்டு வந்தார்கள். சாப்டர் தன் நிலத்தை நிர்வகிக்கலாம், ஒப்பந்தம் போடலாம், உள்ளூர் விதி இயற்றலாம், கட்டணமும் வரியும் விதிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சான்று வாங்க வேண்டும். ஐந்து நிர்வாக முறை எழுத்தில் இருந்து, அதன்படி நடக்கிறது என்று தணிக்கையில் தெரிந்தால்தான் சான்று. அந்த ஐந்து: கணக்கு, கொள்முதல், கோப்பு, பணியாளர், சொத்து. முதலில் அதை வாங்கியது ஷோன்டோ என்ற சாப்டர், 1999-ல். இத்தனை வருஷம் ஆகியும் வாங்காத சாப்டர்கள் நிறைய. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், பதிவேட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை நிலம். அங்கே நிலம் பெரும்பாலும் பழங்குடிக்காக அமெரிக்க மத்திய அரசு பொறுப்பில் வைத்திருப்பது. யாரும் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. வீடு கட்ட அதிகபட்சம் ஒரு ஏக்கர் குத்தகை. கடை போட வேண்டுமென்றால் தனியாகத் தொழில்மனைக் குத்தகை. அதற்கு நில அளவை, தொல்பொருள் ஆய்வு, சுற்றுச்சூழல் ஆய்வு என்று வரிசை. அதோடு அந்த இடத்தில் மேய்ச்சல் பெர்மிட் வைத்திருப்பவரின் சம்மதமும் வேண்டும். 1930-களில் அரசு கட்டாயமாக ஆட்டு மந்தைகளைக் குறைத்த பிறகு வந்த பெர்மிட்டுகள் இவை. தலைமுறை தாண்டி வாரிசுகளிடம் பிரிந்து கிடக்கும், ஒருவர் மாட்டேன் என்றால் கடை நின்றுவிடும். 2000-ல் ஒரு சட்டம் வந்து, 2006-ல் அதற்கான விதி ஒப்புதலான பிறகுதான், தொழில் குத்தகையை வாஷிங்டன் கையெழுத்து இல்லாமல் நவஹோ அரசே கொடுக்க முடிந்தது.

இதில் தனி ரகம் கயென்டா. இரண்டு நெடுஞ்சாலை சந்திக்கும் இடம், மானுமென்ட் வேலிக்குப் போகும் வழி. 1985-ல் சோதனையாக அங்கே ஒரு நகரியம் அமைத்து, நிலத்தை மேய்ச்சலிலிருந்து விலக்கி எல்லை போட்டார்கள். ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையம், தனக்கென்று விற்பனை வரி. ஓட்டலில் சுற்றுலாக்காரர் கட்டும் வரி அந்த ஊர்க் கணக்கில் விழுகிறது. எல்லாச் சாப்டருக்கும் அந்தக் கூட்டுரோடு கிடைக்காது, அதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று. 2014-ல் நவஹோ கவுன்சில் நொறுக்குத் தீனி, சர்க்கரைப் பானங்களுக்கு 2 சதவீதம் கூடுதல் வரி போட்டது, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொகை சாப்டர்களின் ஆரோக்கிய வேலைகளுக்கு என்று ஒதுக்கீடு. காய்கறித் தோட்டம், நடைபாதை மாதிரி என்ன செய்வது என்று ஊர் முடிவு செய்து திட்டம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குகிறது. வரி சின்னதுதான். ஆனால் எங்கே பிரித்து எங்கே போகிறது என்று ஊருக்குத் தெரியும்.

எச்சரிக்கையாக ஒன்று. நவஹோ பகுதியில் பேஜ் என்ற ஊர் அருகே இருந்த 2,250 மெகாவாட் அனல் மின் நிலையம் 2019 நவம்பரில் மூடியது, அதற்கு நிலக்கரி கொடுத்த கயென்டா சுரங்கம் அதற்கு முன்பே அதே வருஷம் மூடியது. ஒரே வாங்குபவரை நம்பியிருந்த சம்பளமும் ராயல்டியும் சேர்ந்தே போயின. உங்கள் சாமையை ஒரே கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தால் இதை ஞாபகம் வையுங்கள்.

தளி_வனஉரிமை பதில்:

நம் சட்டத்தில் நிகர் எது என்பதற்கு: தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பின்படி தனியாக அறிவிக்கப்படும் பழங்குடிப் பகுதி) என்று ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ன் பெசா சட்டம் இங்கே செல்லாது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஊர்களைக் காட்டி "கிராம சபைக்கே முழு அதிகாரம்" என்று வரும் வீடியோக்களை ஓரமாக வையுங்கள். நமக்கு இருப்பது இரண்டு. 1994 ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை ஒன்று, 2006 வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை இன்னொன்று. பெயர் ஒன்று, வேலை வேறு, கோரமும் வேறு.

ஊராட்சி கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம் மக்கள் தொகையைப் பொறுத்தது. 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் நாலு ஊரும் இங்கே ஒரு மூலைதான், மறுக்கவில்லை. தண்ணீர், ரோடு, தெருவிளக்கு, கட்டட அனுமதிக்கு இது.

வன உரிமைச் சட்டத்தில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது. 2012 திருத்த விதியின்படி குக்கிராமங்களையும் பதிவில்லாத குடியிருப்புகளையும் தனியாகப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் குக்கிராமம் வந்துவிட்டால், அங்கேயே, மலை மேலேயே கிராம சபை கூட்டலாம். முதல் மனு இதற்குத்தான் போக வேண்டும், பட்டா கேட்டு இல்லை. பலபேர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு கோரம் சேராமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் இங்கே கோரம் மொத்த உறுப்பினரில் பாதி. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊராட்சி முழுக்க 2,400 வாக்காளர் என்றால் 1,200 பேரை எங்கே கூட்டுவது? உங்கள் ஊர் ஒன்றில் 120 பேர் என்றால் 60 பேர் போதும், மாரியம்மன் கோயில் திடலே தாங்கும்.

கூடிய சபை வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். 10 பேருக்குக் குறையக் கூடாது, 15-க்கு மேல் போகக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு பழங்குடி, மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழு தனக்குள் தலைவர், செயலரைத் தேர்ந்து உட்கோட்டக் குழுவுக்கு (கோட்டாட்சியர் தலைமை) எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிறகு சபை கோரிக்கை கேட்கும், மூன்று மாத அவகாசம். படிவம் ஏ தனிநபர் நிலத்துக்கு, பி சமூக உரிமைக்கு (மேய்ச்சல், புளி, கடுக்காய், தேன் மாதிரி சிறு வன மகசூல், தண்ணீர்), சி சமூக வன வளத்துக்கு (ஊர் வழக்கமாகப் பயன்படுத்திக் காத்து வரும் காட்டுக்கு). தொழில் நடத்த நினைக்கிற ஊருக்கு பி, சி இரண்டும் வேண்டும். ஏ மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதுதான் இந்த இரண்டு மாவட்டத்திலும் வழக்கம். தனி ஆளுக்கு ஒன்றிரண்டு ஏக்கர் வரும், ஆனால் புளிய மரமும் கடுக்காய் மரமும் நிற்கிற காடு வெளியே நின்றுவிடும்.

படிவம் சி-க்கு வரைபடம் முக்கியம். கையால் வரைந்ததே போதும், ஆனால் எல்லைக் குறி ஒவ்வொன்றுக்கும் ஊர் சொல்லும் பெயர் எழுதுங்கள்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த சாமி மரம். போனில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு எல்லையைச் சுற்றி நடங்கள், பெரியவர் இரண்டு பேர் கூட வரட்டும். பக்கத்து ஊரோடு எல்லை உரசினால் இரண்டு சபையும் கூடிப் பேசி எழுதிக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. அதை இப்போதே செய்யாவிட்டால் மேலே போன பிறகு அந்த ஒரு காரணத்துக்காகவே கோப்பு தூங்கும். சான்று குறைந்தது இரண்டு. சுடுகாடு, கோயில் காடு, பழைய கிணறு, மேய்ச்சல் தடம், கோரிக்கையாளர் அல்லாத பெரியவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். செயற்கைக்கோள் படம் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால், அது துணைச் சான்று மட்டுமே, மற்றதற்கு மாற்று இல்லை என்று விதி சொல்வதைக் காட்டுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது வனத்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்குங்கள். இது இல்லாமல் போன கோப்புகள்தான் அதிகம் திரும்புகின்றன. நிராகரித்தால் காரணம் எழுத்தில் வர வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல் குழுவுக்கு மனு. கடைசியில் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு.

உரிமை கிடைத்தால் என்ன மாறும்? சிறு வன மகசூலுக்குச் சொந்தம் ஊருடையது. எடுக்கலாம், பக்குவம் செய்யலாம், விற்கலாம், வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே கொண்டு போகலாம். கொண்டுபோகும் சீட்டை சபை அமைக்கும் குழுவே கொடுக்கும். மரம் வெட்டுவது இதில் வராது, தேக்கும் சந்தனமும் பேச்சிலேயே வேண்டாம்.

கடைசியாக ஒன்று: கிராம வனக்குழு வேறு, வன உரிமைக் குழு வேறு. முன்னது வனத்துறை ஏற்படுத்தியது, அதில் வனத்துறை ஆள் செயலராக இருப்பார். பின்னது சபை தேர்ந்தெடுத்தது, அதில் அதிகாரிக்கு இடமில்லை. "உங்களுக்குத்தான் ஏற்கனவே குழு இருக்கே" என்று யாராவது சொன்னால் எந்தக் குழு என்று திருப்பிக் கேளுங்கள்.

வைண்டிங்_கடை பதில்:

நான் மில் விஷயம் மட்டும் சொல்றேன். கொட்டேஷன்ல மெஷின் விலை இருக்கும், கரண்ட் இருக்காது. மலை மேல மூணு பேஸ் வருதா? டிரான்ஸ்பார்மர்ல இருந்து மில் எத்தனை மீட்டர்? இந்த ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் முன்பணம் குடுங்க.

சின்ன சாமை மில்லுக்கு நாலு பாகம். கல் நீக்கி 1 எச்பி, சலிச்சுத் தரம் பிரிக்கிற கிரேடர் 1 எச்பி, உமி நீக்குற ஹல்லர் 3 எச்பி, தூக்கிக் கொட்டுற எலிவேட்டர் 1 எச்பி. மொத்தம் 6 எச்பி, நாலரை கிலோவாட்டு. 12 கிலோவாட்டுக்குள்ள இருக்கறதால குடிசை, குறுந்தொழில் கட்டணத்துல சர்வீஸ் கேட்டு எழுதுங்க. எழுதலைன்னா வணிகக் கட்டணத்துல போட்டுட்டுப் போயிடுவாங்க, அப்புறம் மாத்தறதுக்கு அலையணும்.

415 வோல்ட் வரவேண்டிய இடத்துல சாயங்காலம் 350-க்கு இறங்கினா என்ன ஆகும்? மோட்டார் அதே வேலையைச் செய்யக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். வைண்டிங் சூடாகி வார்னிஷ் கருகும். மில்லு நின்னுடுச்சுன்னு வர்ற மோட்டாரைப் பிரிச்சா மூணு பேஸும் ஒரே மாதிரி கருகி இருந்தா லோ வோல்டேஜ் இல்லன்னா ஓவர்லோடு. ஒரு பேஸ் மட்டும் நல்லா இருந்து மத்த ரெண்டும் கருகியிருந்தா ஒரு பேஸ் போனப்பவும் ஓடியிருக்குன்னு அர்த்தம். இது ஸ்டார் கனெக்‌ஷன் கணக்கு, டெல்டான்னா தலைகீழ். மலையில காத்துக்கு ஒரு லைன் அறுந்து விழறது சகஜம். ஓவர்லோடு ரிலேயோட சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் போட்ட ஸ்டார்ட்டர் வாங்குங்க. அந்த ஸ்டார்ட்டரை மிச்சம் பிடிச்சவங்கதான் கடைக்கு மோட்டாரோட வர்றாங்க. ரிலேவை மோட்டார் பிளேட்டுல இருக்கற ஆம்பியருக்கு வைங்க, அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ஏத்தி வைக்காதீங்க.

சாமை பக்கம். ஈரம் 11, 12 சதவீதம் இருக்கணும். ரொம்பக் காய்ஞ்சா அரிசி நொறுங்கிக் குருணை ஆகும். ஈரமா இருந்தா உமி பிரியாது, சல்லடை அடைச்சுக்கும். தார் ரோட்டுல போட்டு அடிச்ச சாமையில சாமை அளவுக்கே பொடிக்கல்லு இருக்கும், சல்லடையில பிரியாது. கல் நீக்கிதான் பிரிக்கும், அது எடையைப் பார்த்துப் பிரிக்கறது. தட்டோட சாய்வும் காத்தும் சரியா இல்லைன்னா அரிசியும் கல்லோட போயிடும். அதனால களத்துல தார்ப்பாய் விரிச்சு அடிக்கச் சொல்லுங்க, பாதி வேலை முடிஞ்சுது. ஹல்லர்ல முதல் தடவையில எல்லாம் உரியாது. உரியாததைக் கிரேடர்ல பிரிச்சுத் திரும்ப விடணும். ஒரே தடவையில நூத்துக்கு நூறு உரிக்கிற மெஷின்னு சொன்னா அதுல குருணையும் அதிகம் இருக்கும்.

உமி நீக்கின அரிசி ரொம்ப நாள் தாங்காது, தவிட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சாமையா வைச்சிருந்து ஆர்டர் வர வர உரிங்க. மொத்தமா உரிச்சு மூட்டை கட்டி அடுக்கிட்டு வாங்கறவனைத் தேடறது வேண்டாம்.

புளிமண்டி பதில்:

மெஷின் முதல் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 210 குடும்பத்தில் பாதிப் பேர் ஆளுக்கு ஒன்றரைக் குவிண்டால் சாமை கொடுத்தாலும் 15 டன்னுக்கு மேல். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 6 லட்சம் ரொக்கம் கார்த்திகையில் கையில் வேண்டும். இந்தப் பணம் எங்கே என்று யாரும் பேசவில்லை. மில் கொட்டேஷனை விடப் பெரிய தொகையாகக் கூட இருக்கலாம். வியாபாரி ஏன் ஜெயிக்கிறார்? ஆடியில் விதைக்கும் உரத்துக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கும் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார். அறுத்ததும் மூட்டை அவர் வண்டிக்குப் போகும். கிலோவுக்கு 3 ரூபாய் கூடத் தருகிறோம் என்று நீங்கள் போய் நின்றாலும், வாங்கிய முன்பணத்தை யார் அடைப்பது? அதற்கு வழி இல்லாமல் மில் போட்டால் மில் சும்மா நிற்கும், கூலிக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டு இருப்பீர்கள்.

முதல் வருஷம் புளியில் ஆரம்பியுங்கள். தை முதல் பங்குனி, சித்திரை வரை வேலை. மெஷின் தேவையில்லை. கட்டை, கத்தி, தார்ப்பாய், தராசு, நிழல் இருந்தால் ஆச்சு. ஓட்டோடு 100 கிலோ வாங்கினால் ஓடு, நார், கொட்டை போக 40 கிலோ சுற்றிப் புளி நிற்கும். மழை பட்ட வருஷம் இன்னும் குறையும், அதனால் வாங்கும்போதே ஒரு கிலோ உடைத்து எடை போட்டு விலை பேசுங்கள். கொட்டையையும் வீசாதீர்கள், அதற்கும் வாங்க ஆள் உண்டு. ஈரத்தோடு அமுக்கிக் கட்டினால் கறுத்துவிடும். கறுத்த புளிக்கும் சிவந்த புளிக்கும் மண்டியில் விலை வேறு. வெயில் காலம் தாண்டி வைக்க வேண்டுமென்றால் குளிர்பதனக் கிடங்கு வாடகையைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் லாபம் பேச வேண்டும். பணம் மூன்று மாதத்தில் திரும்பி வரும், தப்பு நடந்தாலும் சின்னத் தப்பு. அந்தத் தொகையில் ஆடி முன்பணத்தை நீங்களே கொடுக்க ஆரம்பித்தால் கார்த்திகையில் சாமை தானாக உங்களிடம் வரும்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் சித்தேரி தாண்டிச் சித்திலிங்கி இருக்கிறது. 1993-ல் பழங்குடி நல மருத்துவமனை வந்தது. இயற்கை விவசாயிகள் சங்கம் அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான். லம்பாடிப் பெண்களின் தையல் வேலைக்கு 'போர்கை' என்று தனி அமைப்பு. ஒன்று காலூன்றிய பிறகு அடுத்தது என்று போயிருக்கிறார்கள்.

சாமைக்கொல்லை:

புளி யோசனை மனசுக்குப் பிடிக்கிறது. இரண்டு கேள்வி மிச்சம். கொள்முதல் யார் பெயரில்? குழுவா, சங்கமா, கம்பெனியா? தாண்டாவில் இருப்பவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை, அவர்களை விட்டுவிட்டு சபை கூட்டினால் ஊர் இரண்டாகும். அதற்கு என்ன வழி?

பாலக்கோடு_கணக்கு பதில்:

முதல் வருஷம் இருக்கிற மகளிர் குழுவின் பெயரிலேயே வாங்குங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கடன் கிடைக்கும், வங்கிக் கணக்கும் தயார். கம்பெனியை அவசரப்பட்டுப் பதிவு செய்ய வேண்டாம். உற்பத்தியாளர் கம்பெனிக்கு (விளைவிப்பவர்களே உறுப்பினராக இருக்கும் கம்பெனி) 10 பேர் இருந்தால் பதிவு ஆகிவிடும். இயக்குநர் ஐந்துக்குக் குறையாமல் பதினைந்து வரை, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒவ்வொரு வருஷமும் நிதி அறிக்கையும் ஆண்டு அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவம் ஒரு வருஷம் கிடந்தால் 73,000. மூன்று வருஷம் தொடர்ந்து விட்டால் இயக்குநர்கள் தகுதி இழப்பார்கள், ஐந்து வருஷம் வேறு எந்தக் கம்பெனியிலும் உட்கார முடியாது. மானியம் வரும் என்று பதிவு செய்து பூட்டிக் கிடக்கும் கம்பெனிகளின் கதை பெரும்பாலும் இதுதான். பொதுக்குழுவுக்குக் கோரம் உறுப்பினரில் கால்பங்கு. 400 பேரைச் சேர்த்து எண்ணிக்கை காட்டினால் 100 பேரைக் கூட்ட வேண்டி வரும், அதையும் யோசித்துச் சேருங்கள்.

கம்பெனிச் சட்டத்தில் ஒரு விதி நல்ல விதி. முழுநேரத் தலைமை நிர்வாகி உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். சான்று வாங்கிய நவஹோ சாப்டரிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தனி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேலாளர் தனி. தலைவரே தராசையும் பிடித்து, பில்லும் போட்டு, செக்கிலும் கையெழுத்துப் போட்டால் தப்பு நடக்காவிட்டாலும் பேச்சு வரும்.

அந்த ஐந்து முறையை உங்கள் அளவுக்குச் சுருக்கினால் ஐந்து நோட்டு. ரொக்க நோட்டு தினமும் சாயங்காலம் மூட வேண்டும், கையிருப்பை எண்ணி இரண்டு பேர் கையெழுத்து. கொள்முதல் நோட்டில் பெயர், எடை, ஈரம், விலை, கொடுத்தவர் ரேகை அல்லது கையெழுத்து. 5,000-க்கு மேல் எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி. தீர்மான நோட்டில் பக்க எண் முன்கூட்டியே அச்சடித்திருக்க வேண்டும், நடுவில் காலி விடக் கூடாது. கூலி நோட்டு. சொத்து நோட்டில் தராசு, தார்ப்பாய், சாக்கு உட்பட எல்லாம், யார் வீட்டில் இருக்கிறது என்பதோடு.

சாமைக்கு வரும்போது சரக்கு நோட்டும் சேரும். உதாரணத்துக்கு: 1,000 கிலோ உள்ளே போனது. கல், தூசி 30. அரிசி 610. குருணை 40. உமி, தவிடு 300. கூட்டினால் 980. மிச்சம் 20 கிலோ ஈரமும் காற்றில் பறந்த உமியும். இரண்டு சதவீதம் வரை கேள்வி கேட்க வேண்டாம். ஒரு வாரம் அது 50 ஆனால் அன்றே மில்லை நிறுத்திப் பாருங்கள். தராசு தப்பா, சல்லடை கிழிந்ததா, மூட்டை போனதா என்று ஒரு வாரத்தில் கண்டுபிடிக்கலாம். ஒரு வருஷம் கழித்து ஆடிட்டர் கண்டுபிடித்தால் ஆள் மேல்தான் பழி விழும். நோட்டை மாதம் ஒரு முறை சபையில் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான் எடையைச் சரியாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

தளி_வனஉரிமை பதில்:

தாண்டா விஷயம். தனிநபர் நிலத்துக்கு, படிவம் ஏ-வில், பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருஷமாக அங்கே வசித்துக் காட்டை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. பழைய கோயில் கட்டுமானம், பெரியவர் வாக்குமூலம், பழைய அரசுப் பதிவு எதுவும் எடுபடும். 75 வருஷமும் அதே நிலத்தை உழுதிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது தப்பு. 75 வருஷம் வசிப்பிடத்துக்கும் காட்டை நம்பியிருந்ததற்கும்தான்.

சமூக வன வளத்துக்கு, படிவம் சி-யில், அந்தச் சிக்கல் இல்லை. சபை உறுப்பினர் பட்டியலை இணைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பழங்குடியா, மற்ற மரபுவழி வனவாசியா என்று குறிக்க வேண்டும். சிலர் இருந்தாலே கோரிக்கைக்குப் போதும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. தாண்டாவும் உங்கள் ஊரும் குடியிருப்புப் பட்டியலில் ஒன்றாக வந்தால் அவர்களும் உறுப்பினர், கோரத்துக்கும் எண்ணப்படுவார்கள். தனிக் குடியிருப்பாக வந்தால் அவர்களுக்குத் தனி சபை, எல்லைக்கு இரண்டு சபையும் சேர்ந்த கூட்டம். எது வேண்டும் என்று மனு எழுதுவதற்கு முன்னால் தாண்டாவுக்குப் போய்க் கேளுங்கள், தாண்டாத் தலைவரைக் கூப்பிட்டு மேலே வரச் சொல்ல வேண்டாம்.

மனுவை ஊராட்சிக்கு எழுதி நகலைக் கோட்டாட்சியருக்குக் கொடுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலம் என்றால் அவர் பெயருக்கு எழுதுங்கள், உள்ளடக்கம் அதேதான். குடியிருப்பு வாரியாகக் குடும்ப எண்ணிக்கை, வாக்காளர் எண்ணிக்கை, பெண்கள் எண்ணிக்கை மூன்றையும் முதல் பக்கத்திலேயே அட்டவணையாகப் போடுங்கள். கோரம் எத்தனை என்பது அந்த எண்ணிலிருந்துதான் வரும்.